மாத்திரை மட்டும் போதுமா?

கர்ப்பத்தடை மாத்திரையைச் சாப்பிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு வேறு யாதொரு தடையும் வேண்டியதில்லையா என்னும் கேள்வி, ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் மலாக்கா பட்டணத்திலும் உள்ள நம் சகோதரிகள் பலருடைய மனதில் இருந்து வருகின்றது. வாய்விட்டுக் கேட்பவர்கள் மிகச் சிலரே. மாமியார் காதில் விழுமோ என்றும், கேட்டால் ஒருமாதிரி நினைப்பார்களோ என்றும் அஞ்சி, பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் மெல்லக் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். அவளோ, "நான் மாத்திரை சாப்பிட்டும் எனக்குப் பிள்ளை நின்றதே" என்கிறாள். கிளினிக்கில் உள்ள தாதியோ, "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பலிக்கும்" என்கிறாள். இவ்விருவரில் யார் சொல்வது மெய்?

இருவர் சொல்வதும் மெய்யே என்பதுதான் நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது. ஒரே மருந்தைப் பற்றி இரண்டு எதிரான பேச்சுகள் எப்படி மெய்யாக இருக்கக்கூடும் என்பதை அறிய வேண்டுமானால், அம்மருந்து பிறந்த வரலாற்றையும், அது நம்மவர் கைக்கு வந்து சேர்ந்த விதத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

மாத்திரை பிறப்பதற்கு முன்பே கர்ப்பத்தடை என்னும் பேச்சு தமிழரிடையே பிறந்துவிட்டது. 1920களின் இறுதியிலேயே சென்னையில் படித்தவர்கள் சிலர் அதற்கென ஒரு சங்கம் வைத்தார்கள். மைசூர் சமஸ்தானம் 1930இல் சர்க்கார் செலவிலேயே கர்ப்பத்தடை வைத்தியசாலைகளைத் திறந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்க மாது மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குச் சென்று காந்தியாரைக் கண்டு வாதாடினார். புலனடக்கம் ஒன்றே வழி என்று காந்தியார் தம் கொள்கையில் நின்றார்; செயற்கை முறைகளை அவர் ஏற்கவில்லை. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து சென்ற பெரியார் ஈ.வெ.ரா., தமது 'குடி அரசு' வாரப் பத்திரிகையில் 1930களின் தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் தேகசுகத்திற்காகவும், தரித்திரம் குறைவதற்காகவும், ஜனத்தொகை பெருகாதிருப்பதற்காகவும் கர்ப்பத்தடை வேண்டுமென்ற காலத்தில், பெண்கள் சுதந்திரமாய் வாழ்வதற்காகவே அது வேண்டும் என்பது அவருடைய வாதம். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

ஆனால் பத்திரிகையில் எழுதியது லயத்து வீட்டிற்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது? விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்துப் பால் வெட்டி, மங்குகளைத் துடைத்து, வாளி சுமந்து ஸ்டோரில் பால் அளந்து கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு, ஆயக் கொட்டகையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்பதே வாழ்வாக இருந்தது. அந்நாளில் இருந்த முறைகளில் பலவும் ஆணின் சம்மதத்தையோ, வைத்தியரின் கையையோ எதிர்பார்ப்பவை. ஒரு பெண் தானாகவே, தனக்காகவே எளிதாகக் கையாளக்கூடிய முறை அரிதாகவே இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு முறைக்காகத்தான் சாங்கர் அம்மையார் தம் முதுமையிலும் அலைந்தார். கிரிகரி பின்கஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானியை அவர் தூண்டினார். காதரின் மக்கார்மிக் என்னும் செல்வச் சீமாட்டி பணம் கொடுத்தார். சாங் என்னும் சீன விஞ்ஞானி விலங்குகளில் சோதித்தார். ஜான் ராக் என்னும் வைத்தியர் பெண்களில் சோதித்தார். மருந்துக்கு வேண்டிய மூலப்பொருளை ரஸ்ஸல் மார்க்கர் என்பவர் மெக்சிகோ தேசத்துக் காட்டுக் கிழங்கிலிருந்து எடுக்கும் வழியை 1940களில் கண்டுவிட்டிருந்தார். 1951இல் அதே மெக்சிகோவில் கார்ல் ஜெராசி முதலியோர், வாயால் உட்கொண்டாலும் பலிக்கக்கூடிய மருந்துச் சரக்கு ஒன்றைச் செய்து முடித்தார்கள். மலைக்கிழங்கில் பிறந்த மருந்து என்றால் நம் பாட்டிமார்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

மருந்தைப் பெரிய அளவில் சோதிக்க 1956இல் தேர்ந்தெடுத்த இடம் புவெர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு. அது கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். ஏழைகள் மலிந்த இடம். அங்கே ரியோ பியத்ராஸ் என்னுமிடத்துக் குடியிருப்புப் பெண்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. இது சோதனையில் இருக்கும் மருந்து என்பதை அவர்களுக்கு விளங்கச் சொல்லவில்லை. சோதனையைக் கவனித்துவந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்னும் பெண் வைத்தியர், ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரை முழுப் பாதுகாப்பு அளிக்கின்றது என்று எழுதினார். அதோடு நில்லாமல், நூற்றுக்குப் பதினேழு பேருக்குத் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி முதலியவை வருகின்றன என்றும், இவ்வளவு தொல்லை தரும் மருந்து பொதுவில் ஏற்கத்தக்கதன்று என்றும் எழுதினார். முதற் பாதியை உலகம் கேட்டுக்கொண்டது. பிற்பாதியைப் பெண்களின் மனப்பிராந்தி என்று பின்கஸ் தள்ளிவிட்டார். 'எனோவிட்' என்ற பெயரில் அம்மாத்திரை 1957இல் மாதவிலக்குக் கோளாறுகளுக்கென்றும், 1960இல் கர்ப்பத்தடைக்கென்றும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலிருந்த ஈஸ்ட்ரோஜன் சரக்கு 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரையே உள்ளது. அந்நாளைய மாத்திரைக்குச் சொல்லப்படும் பயங்கள் யாவற்றையும் இன்றைய மாத்திரையின் மேல் ஏற்றிச் சொல்வது நியாயமாகாது.

"ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு" என்று அவ்வைத்தியர் எழுதிய சொல்லில்தான் நம் கேள்விக்குரிய விடை அடங்கியிருக்கின்றது.

கர்ப்பத்தடை முறைகளின் பலத்தை அளக்க 1933இல் ரேமண்ட் பேர்ல் என்பவர் ஒரு கணக்கு வகுத்தார். நூறு பெண்கள் ஓராண்டு முழுவதும் ஒரு முறையைக் கையாண்டால் அவர்களில் எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்பதே அது. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விதிப்படி சாப்பிடுபவர்களில் ஆயிரத்துக்கு 3 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் மறதியும் வேலையும் வியாதியும் சேர்ந்த நடைமுறை வாழ்க்கையில் சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு 7 பேர் ஓராண்டில் கருவுறுகிறார்கள். தாதி சொன்னது முதற் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னது இரண்டாங் கணக்கு. இரண்டும் ஒரே மாத்திரையின் கணக்குகளே.

நூற்றுக்கு 7 என்பது சிறு தொகையென்று நினைத்துவிடலாகாது. அதே விதமாகப் பத்தாண்டுகள் தொடர்ந்து சாப்பிட்டால், ஆண்டுதோறும் அதே வீதம் நீடிப்பதாக வைத்துக் கணக்குப் பார்க்கையில், நூறு பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு முறையாவது வேண்டாத கர்ப்பத்தைக் காண்பார்கள். தவறாமல் சாப்பிடுபவர்களிலோ பத்தாண்டில் 3 பேரே. மருந்து ஒன்று, விலை ஒன்று, சாப்பிடும் வாய் ஒன்று. வித்தியாசம் முழுவதும் சாப்பிடும் ஒழுங்கிலும், அவ்வொழுங்கைச் சொல்லிக்கொடுத்த விதத்திலும் இருக்கின்றது.

அவ்வொழுங்கு ஏன் அவ்வளவு முக்கியம்? மாத்திரையின் முதல் வேலை, மாதந்தோறும் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படாமல் தடுப்பது. மற்றொன்று, கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிப்பாக்கி விந்து உட்புகாமல் செய்வது. சூலகத்தை உறங்க வைக்க ஏழு நாட்கள் தொடர்ந்து மாத்திரை உட்செல்ல வேண்டும். உறங்கிய சூலகம் மாத்திரையில்லாமல் ஏழு நாட்கள் வரை உறங்கும். அதற்குமேல் விழித்துக்கொள்ளத் தொடங்கும். 21 நாட்கள் மருந்து, 7 நாட்கள் ஓய்வு என்று அட்டையை வகுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஏழு நாள் ஓய்வு எட்டாகவும் ஒன்பதாகவும் நீளுவதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. ஓய்வு முடிந்து புது அட்டையைத் தொடங்க இரண்டு நாள் தாமதித்தவள், "இரண்டு நாள்தானே" என்று நினைக்கிறாள். அவள் விட்டது இரண்டு மாத்திரையன்று. உறக்கத்தின் எல்லையையே கடந்துவிட்டாள். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

மறதி என்பது படியாதவர்களுக்கே உரியது என்று சொல்லுவோர்க்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். மாத்திரை வந்த புதிதில் அதைச் சாதாரணப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்னும் என்ஜினியரின் மனைவி இன்று சாப்பிட்டோமா இல்லையா என்று குழம்புவதும், அவர் கேட்பதும், அதனால் வீட்டில் சச்சரவு உண்டாவதும் வழக்கமாயிருந்தது. அவர் ஒரு காகிதத்தில் கிழமைகளை எழுதி அதன்மேல் மாத்திரைகளை வைத்துப் பார்த்தார். காகிதம் தவறி விழுந்து மாத்திரை சிதறியது. பின்பு, நாட்காட்டிபோல் சுழலும் ஒரு பெட்டியைச் செய்து 1962இல் உரிமைப் பத்திரத்துக்கு மனுப் போட்டார். இன்று நம் கையிலுள்ள கிழமை அச்சிட்ட அட்டைகளுக்கு மூதாதை அதுவே. என்ஜினியர் மனைவிக்கே மறதி உண்டென்றால், இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடியவளை மட்டும் குறை கூறுவானேன்?

இது நிற்க. மாத்திரை நம் நாட்டுக்கு வந்த விதத்தைப் பார்ப்போம். 1953இல் சிலாங்கூரில் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றியது. மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் எழுந்து 1958இல் சம்மேளனமாகச் சேர்ந்தன. 1966இல் பார்லிமெண்டில் சட்டம் செய்து தேசியக் குடும்பத்திட்டப் போர்டு ஏற்பட்டது. மறு ஆண்டு முதல் வேலை தொடங்கியது. முதலில் பெருநகரங்கள், பின்பு சிறு பட்டணங்கள், அதன்பின் கிராமங்களும் தோட்டங்களும் என்று அது விரிந்தது. அதில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் தேர்ந்துகொண்டது மாத்திரையையே. அதில் ஆச்சரியமில்லை. கத்தி வேண்டாம், கருவி வேண்டாம், புருஷனிடம் கெஞ்ச வேண்டாம், தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். 1982க்குப் பின் சர்க்காரின் பேச்சு மாறி, ஏழு கோடி ஜனத்தொகை வேண்டுமென்ற கொள்கை வந்தது. 1984 முதல் 2014 வரை எடுத்த கணக்குகளில், கலியாணமான பெண்களில் ஏதாவதொரு முறையைக் கையாளுபவர்கள் ஏறக்குறைய பாதியளவிலேயே நின்றுவிட்டார்கள்.

இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வித்தியாசம் பயன்படுகின்றது. ஜனத்தொகையைக் குறைக்க வேண்டுமென்று மாத்திரை கொடுப்பவனுக்கு, நூறில் 93 பேர் கருவுறாதிருந்தாலே வெற்றி. சர்க்கார் கணக்கில் அது நல்ல கணக்கு. மீதி 7 பேரில் ஒருத்தியாக இருப்பவளுக்கோ அது கணக்கன்று. அவளுடைய தேகம், அவளுடைய வேலை, அவளுடைய பிள்ளைகளின் சோறு. பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்பவன் அந்த ஏழு பேரைப் பற்றியும் கவலைப்படக் கடமைப்பட்டவன். அட்டையைக் கொடுப்பதோடு அவன் வேலை முடியாது. அறிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே இந்த அறிவு போராடித்தான் பெறப்பட்டது. 1969இல் பார்பரா சீமன் என்னும் பெண் பத்திரிகையாளர் மாத்திரையின் தீங்குகளை மறைக்கிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1970இல் செனட் சபையில் விசாரணை நடந்தபோது, சாப்பிடும் பெண்களில் ஒருவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லையே என்று பெண்கள் எழுந்து கூச்சலிட்டார்கள். அதன் பின்புதான் மாத்திரைப் பெட்டிக்குள் விவரக் காகிதம் வைக்க வேண்டுமென்ற விதி வந்தது. அக்காகிதம் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன தாய்மாருக்கு அது மடித்த காகிதமாகவே இருந்துவிடுகின்றது.

ஆகையால் துணைத் தடை எப்பொழுது வேண்டும், எப்பொழுது வேண்டாம் என்பதை இங்கே தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது இரண்டு சரக்கும் கலந்த சாதாரண மாத்திரையைப் பற்றியது.

மாதவிலக்குத் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் முதல் மாத்திரையைச் சாப்பிட்டால் துணைத் தடை வேண்டியதில்லை. வேறு எந்த நாளில் தொடங்கினாலும் முதல் ஏழு நாட்களுக்கு உறை முதலிய துணைத் தடை வேண்டும். ஒரு மாத்திரை மட்டும் தவறினால், நினைவு வந்த உடனே சாப்பிட்டுவிட்டு மற்றதை வழக்கம்போல் சாப்பிடலாம், பயமில்லை. இரண்டோ, அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், கடைசியாகத் தவறியதைச் சாப்பிட்டுத் தொடர வேண்டும். ஏழு நாட்களுக்குத் துணைத் தடை வேண்டும். அது மூன்றாம் வாரமானால் ஓய்வு நாட்களை விட்டுவிட்டு, அடுத்த அட்டையை உடனே தொடங்க வேண்டும். அது முதல் வாரமாகி, அவ்வமயம் சேர்க்கையும் நடந்திருந்தால், அவசர மாத்திரையைப் பற்றித் தாமதமின்றி வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்திற்குள் வாந்தியானால் இன்னொன்று சாப்பிட வேண்டும். கடுமையான வாந்தியோ பேதியோ இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால், மாத்திரை தவறியதாகவே கொள்ள வேண்டும்.

மருந்துகளின் சங்கதி தனி. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்கள் கர்ப்பத்தடை மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டே கருவுற்றதை வைத்தியர்கள் கண்டார்கள். அம்மருந்து ஈரலைத் தூண்டி, மாத்திரையின் சத்தை விரைவில் அழித்துவிடுகின்றது. காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின், கார்பமாசிபின் முதலியவையும் அவ்வாறே. இவற்றைச் சாப்பிடுபவர்கள் மாத்திரையை மட்டும் நம்பலாகாது. வைத்தியரிடம் வேறு முறை கேட்க வேண்டும். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள் இப்படிக் கெடுப்பதில்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரும் ஒற்றைச் சரக்கு மாத்திரையில் இன்னும் கண்டிப்பு உண்டு. அதன் பழைய வகைகளில் மூன்று மணி நேரம் தவறினாலே இரண்டு நாட்களுக்குத் துணைத் தடை வேண்டும். புகைபிடிக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களும், இரத்த அழுத்தமோ இரத்தம் உறையும் வியாதியோ உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் மாத்திரையைத் தொடவே கூடாது.

இவ்விதிகளின்படி நடப்பவளுக்கு நாள்தோறும் துணைத் தடை வேண்டியதில்லை. மாத்திரையே போதும். ஆனால் பத்து பெரண்டாம், ஆயர் குரோ பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு வாரம் பகலும் மறு வாரம் இரவுமாக வேலை செய்பவளுக்கும், புருஷன் ஊரிலிருந்து வரும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும் என்று தவறாக எண்ணியிருப்பவளுக்கும், அடிக்கடி மறப்பவளுக்கும் மாத்திரை மட்டும் போதாது. மறதியுள்ளவர்களுக்கென்றே தோலுக்கடியில் வைக்கும் குச்சியும், கருப்பையில் வைக்கும் சாதனமும் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தவறுவதில்லை. மேகவியாதி முதலிய தொற்றுகளை மாத்திரை சிறிதும் தடுக்காது. அதற்கு உறை ஒன்றே காப்பு.

உறை என்றதும் நம் ஆண்மக்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக முதன்முதல் வைத்தது இதே மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வைத்தார். அதைத் தொடர்ந்து பரவிய தோட்டங்களில் நம் முன்னோர் மூன்று தலைமுறை பால் வெட்டினார்கள். அந்த ரப்பர் பாலிலிருந்தே உறை செய்யப்படுகின்றது. இன்று உலகிலேயே அதிகமான உறைகளைச் செய்யும் கம்பெனி மலேசியாவில்தான் இருக்கின்றது. ஆண்டுக்கு ஐந்நூறு கோடிக்கு மேல் செய்யத்தக்க வல்லமை அதற்குண்டு. பால் வெட்டிய கைகளின் சந்ததி, அப்பாலில் செய்த பொருளைக் கடையில் கேட்டு வாங்க வெட்கப்படுகின்றது! நடைமுறையில் உறை மட்டும் நூற்றுக்கு 13 பேரிடம் தவறுகின்றது. மாத்திரை 7 பேரிடம் தவறுகின்றது. இரண்டையும் சேர்த்துக் கையாண்டால், கணக்குப்படி நூற்றுக்கு ஒருவரளவில் வந்து நின்றுவிடும்.

மாத்திரை வந்தது முதல், பிள்ளை வேண்டாமென்ற பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில் வந்து விழுந்துவிட்டது. வாந்தி வந்தால் அவள் பொறுக்க வேண்டும். மறந்தால் அவள் ஏச்சுக் கேட்க வேண்டும். கருவுற்றால் அவளே சுமக்க வேண்டும். துணைத் தடை என்பது மாத்திரைக்கு மட்டும் துணையன்று. அது பெண்ணுக்கு ஆண் செய்யும் துணை. வருஷத்தில் சில ஏழு நாட்கள் தான் பொறுப்பை ஏற்க மறுக்கிறவன், தன் மனைவிக்கு மறதி என்று குறை கூற யோக்கியதையில்லாதவன்.

ஆதலால் நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுவது சிலவே. மாத்திரை சாப்பிடும் சகோதரிகள், அவசரம் மிகுந்த காலையில் அல்லாமல், இரவு சாப்பாட்டுக்குப் பின் என்று ஒரு நேரத்தை நிலையாக்கிக்கொள்ளுங்கள். வேலை நேரம் மாறினாலும் அந்த நேரத்தை மாற்றாதீர்கள். காகிதம் விளங்காவிட்டால் மருந்தாளரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்கள் தாய்க்கும் தமக்கைக்கும் படித்துச் சொல்லட்டும். தமிழ்ச் சங்கங்களும் வாசகசாலைகளும் இவ்விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்க அதிகச் செலவாகாது. ஆண்மக்கள் உறையை வாங்கி வீட்டில் வைத்திருக்கட்டும். இவ்வளவும் செய்தோமானால், தாதி சொன்ன கணக்கும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் கணக்கும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.